முகவர் யார் பக்கம்?

வீவக மறுவிற்பனை வீடு வாங்கும் பெற்றோருக்கு ஆங்கிலப் படிவங்களைப் படித்துச் சொல்லும் வேலை பல வீடுகளில் பிள்ளைகளுடையது. படிவத்துக்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சொத்து முகவர் யாருக்காக வேலை செய்கிறார்? விற்பவர் அமர்த்திய முகவர் நம்மிடம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர் விற்பவரின் ஆள்தான். ஒரே முகவர் இரு தரப்புக்கும் செயல்படச் சிங்கப்பூர்ச் சட்டம் இடம் தருவதில்லை.

வீவக வீட்டுத் தகுதிக் கடிதம் கிடைத்த பிறகே விற்பவரிடமிருந்து வாங்கும் உரிமைப் பத்திரத்தைப் பெறமுடியும். அதற்கான முன்பணம் அதிகபட்சம் 1,000 வெள்ளி. முடிவெடுக்க 21 நாள். இதுவரை சிரமமில்லை. சிக்கல் விலையில்தான். வீவகவின் மதிப்பீடு தெரிவதே விலை பேசி, பத்திரம் வாங்கிய பிறகு. பேசிய விலை மதிப்பீட்டைத் தாண்டினால், கூடுதல் தொகைக்கு வீட்டுக் கடனும் உதவாது, மசே நிதியும் உதவாது. ரொக்கமாகத்தான் கொடுக்கவேண்டும். பின்வாங்கினால் முன்பணம் போய்விடும்.

நம் முகவரின் தரகுப்பணமும் விலையில் இத்தனை விழுக்காடு என்று பேசப்பட்டிருந்தால், விலை ஏறுவதால் அவருக்கு நட்டமில்லை. (எல்லா முகவரும் அப்படி நினைப்பார்கள் என்று சொல்லவில்லை.) அதனால் வட்டாரத்தில் அதே அளவு வீடுகள் அண்மையில் என்ன விலைக்குப் போயின என்பதை வீவக இணையத்தளத்தில் நீங்களே பாருங்கள். முகவரின் பதிவு எண்ணையும் பொதுப் பதிவேட்டில் சரிபாருங்கள். முன்பணத்தைத் தம்மிடம் தரச் சொன்னால் தரவேண்டாம். வீட்டு விற்பனைப் பணத்தைக் கையாள முகவர்களுக்கு அனுமதி இல்லை.