48 வருஷம் செனட்டர்... யார் பக்கம் நின்றார்?

"எத்தனை வருஷம் பதவியில் இருந்தார் பாருங்க, எவ்வளவு பெரிய மனுஷன்!" என்று யாராவது ஒரு தலைவரைப் புகழ ஆரம்பிச்சா, உடனே ஒரு கேள்வி கேளுங்க: "அத்தனை வருஷமும் அவர் யார் பக்கம் நின்னார்?"

அமெரிக்காவில் ஸ்ட்ராம் தர்மண்ட் என்று ஒருவர் இருந்தார். தென் கரோலினா மாநிலத்துக்காரர். 1954-இல் செனட்டுக்குப் போனவர், கிட்டத்தட்ட 48 வருஷம் அங்கே இருந்தார். 100 வயசிலும் பதவியில் இருந்த முதல் செனட்டர். 2003 ஜூனில் இறந்தபோது கட்சி பேதமில்லாமல் அஞ்சலி செலுத்தினாங்க.

சரி. அவர் செய்தது என்ன?

1948. அதிபர் ட்ரூமன் கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகச் சட்டம் கொண்டுவர முயல்கிறார். அப்போது தர்மண்ட் தென் கரோலினாவின் ஆளுநர். (அங்கே ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க, நம்ம ஊர் மாதிரி டெல்லியில் இருந்து அனுப்பி வைப்பதில்லை!) ட்ரூமனை எதிர்த்துத் தனி அணி கட்டி, அதிபர் தேர்தலிலேயே நின்றார். எத்தனை ராணுவம் வந்தாலும் எங்கள் தியேட்டருக்குள், நீச்சல் குளத்துக்குள், வீட்டுக்குள், சர்ச்சுக்குள் கறுப்பர்களை விடமாட்டோம் என்று மேடையில் முழங்கினார். 4 மாநிலங்களில் ஜெயிக்கவும் செய்தார்.

அந்த அணியின் கோஷம் என்ன தெரியுமா? "மாநில உரிமை"!

மாநில உரிமை நமக்கு உயிர். அதனால்தான் இந்தப் போலியை நாம் அடையாளம் கண்டுகொள்ளணும். அவர் கேட்ட உரிமை, சொந்த மாநில மக்களில் ஒரு பகுதியினரை மிதித்து வைக்கும் உரிமை. அதைக் கேள்வி கேட்க யாரும் வரக்கூடாது என்பதுதான் அவருடைய 'சுயாட்சி'.

1957. கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பாதுகாக்க ஒரு மசோதா வருகிறது. தர்மண்ட் செனட்டில் எழுந்து நின்று 24 மணி நேரம் 18 நிமிடம் பேசினார். நடுவில் கழிவறைக்குப் போகாமல் சமாளிக்க, முன்கூட்டியே நீராவிக் குளியல் எடுத்து உடம்புத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வந்தாராம்! மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை எல்லாம் வரிவரியாக வாசித்தார். அவ்வளவு பேசியும் மசோதா நிறைவேறியது. 1964 சிவில் உரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார். 1965 வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார்.

இப்போ இன்னொரு பக்கத்தைப் பாருங்க.

அவர் இறந்து ஆறு மாசத்தில், 78 வயசான ஒரு பெண்மணி உலகத்துக்கு உண்மையைச் சொன்னார். எஸ்ஸி மே வாஷிங்டன்-வில்லியம்ஸ். தர்மண்டின் மூத்த மகள். அவருடைய தாய், தர்மண்ட் குடும்பத்து வீட்டில் வேலை பார்த்த 16 வயசு கறுப்பினச் சிறுமி. அந்த மகள் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய கல்லூரியில்தான் படித்தார். ஆளுநர் அங்கே போய் ரகசியமாக மகளைப் பார்த்திருக்கிறார், பணம் கொடுத்திருக்கிறார். ஊரறிய "என் மகள்" என்று மட்டும் சாகும்வரை சொல்லவில்லை.

தென் கரோலினா சட்டமன்ற வளாகத்தில் உள்ள அவரது சிலையில் "நான்கு பிள்ளைகளின் தந்தை" என்று செதுக்கியிருந்தாங்க. 2004-இல் அந்த 'நான்கை' அழித்து 'ஐந்து' ஆக்கி, எஸ்ஸி மே பெயரையும் சேர்த்தாங்க. கல்லே திருத்திக்கொண்டது. அவர் கடைசிவரை திருத்திக்கொள்ளவில்லை!

"பிற்காலத்தில் மாறிட்டாரே" என்று சிலர் வருவாங்க. உண்மைதான். 1971-இல் கறுப்பினத்தவர் ஒருவரை உதவியாளராகச் சேர்த்தார். 1982-இல் அதே வாக்குரிமைச் சட்டத்தை நீட்டிக்க ஓட்டுப் போட்டார். 1983-இல் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறையையும் ஆதரித்தார்.

ஏன் மாறினார்? காலண்டரைப் பாருங்க. 1965 சட்டம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியுமா என்று சோதித்துக் கறுப்பர்களைத் துரத்திய தேர்வுகள் நின்றன. லட்சக்கணக்கானோர் வாக்காளர் பட்டியலில் ஏறினாங்க. அதுக்கப்புறம்தான் ஐயாவுக்கு ஞானோதயம்! பழைய நிலைப்பாட்டுக்காக அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவரை மாற்றியது மனசாட்சி என்றால் அது 1948-லேயே பேசியிருக்கும். மாற்றியது ஓட்டு.

தோழர்களே, இதுதான் நாம் மனசில் வைக்கவேண்டிய பாடம். ஆதிக்கவாதி நல்லவனாக மாறுவான் என்று காத்திருக்காதீங்க. ஓட்டு உங்க கையில் இருந்தால் அவன் மாறியே ஆகணும். அதனால்தான் ஆதிக்கத்தின் முதல் குறி எப்போதும் வாக்காளர் பட்டியல். 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த 1965 சட்டத்தின் முதுகெலும்பான ஒரு பிரிவையே செயலிழக்க வைத்தது. உடனே பல தென் மாநிலங்கள் வாக்களிக்கும் விதிகளை இறுக்க ஆரம்பித்தன. வாங்கிய உரிமையைக் காவல் காக்காவிட்டால் அது கைவிட்டுப் போகும்.

கடைசியாக ஒரு சேதி. தர்மண்டின் அந்த 24 மணி நேரப் பேச்சுச் சாதனை 67 வருஷம் நின்றது. 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி அதை ஒருவர் முறியடித்தார். 25 மணி நேரம் 5 நிமிடம். பெயர் கோரி புக்கர். கறுப்பினத்தைச் சேர்ந்த செனட்டர்!

யாரை உள்ளே விடமாட்டேன் என்றாரோ, அவர்களில் ஒருவர் அதே அவையில் நின்று பேசினார்.

உங்க பெயர் பட்டியலில் இருக்கா? இன்னைக்கே சரிபாருங்க. பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துப் பாருங்க.

#வாக்குரிமை #சமூகநீதி