கொட்டகைக்கு மாற்றாள் யார்?

1999 மார்ச் 10ஆம் தேதிக்கும் 19ஆம் தேதிக்கும் இடையில் சிங்கப்பூரில் 11 ஆண்கள் நோயில் விழுந்தார்கள். எல்லாரும் ஒரே இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். சராசரியாக நாற்பதுகளில் இருந்தவர்கள். உழைக்கும் வயது, குடும்பம் நம்பியிருக்கும் வயது. காய்ச்சல், தலைவலி, பிறகு மயக்கம். பெரும்பாலோருக்கு மூளைக்காய்ச்சல், சிலருக்கு நிமோனியா. ஒருவர் இறந்துபோனார். அவர்கள் யாரும் ஊர் சுற்றி நோய் வாங்கி வந்தவர்களில்லை. மலேசியாவிலிருந்து உயிரோடு வந்திறங்கிய பன்றிகளைக் கையாண்டதுதான் அவர்கள் செய்தது.

பிறகு நிப்பா என்று பெயர் பெற்ற கிருமி பிடிபட்டது அந்த மாதத்தில்தான். நோய் மட்டும் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே ஈப்போவுக்கு அருகில் தொடங்கிவிட்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் செத்தார்கள். கொசு கடித்து வரும் அந்த நோயென்றால் குழந்தைகளை அல்லவா முதலில் பிடித்திருக்க வேண்டும்? விழுந்தவர்களோ பெரியவர்கள், அதிலும் ஆண்கள், பன்றிப் பண்ணையில் புழங்கியவர்கள். சீனர்களே மிகுதி, பண்ணையில் கூலிக்கு இருந்த இந்தியர்களும் உண்டு. பன்றியை நெருங்காத மலாய்க்காரர்களை நோய் ஏறக்குறைய விட்டுவிட்டது. போதாக்குறைக்கு, பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தபோது அரை ஆண்டு ஓடிப்போயிருந்தது. மலேசியக் கணக்கு முடிந்தபோது நோயுற்றவர்கள் 265, இறந்தவர்கள் 105. கொன்று புதைக்கப்பட்ட பன்றிகள் 10 லட்சத்துக்கும் மேல்.

இந்தக் கதையில் நம்மை உறுத்த வேண்டிய இடம் வேறு. யாருக்கு நோய் அதிகம் தொற்றியது என்று பின்னால் ஆராய்ந்தார்கள். பன்றிக்கு ஊசி போட்டவர்கள், மருந்து புகட்டியவர்கள், குட்டி ஈனும்போது கூட நின்று பிரசவம் பார்த்தவர்கள், செத்த பன்றியை எடுத்துப் போட்டவர்கள். அதாவது, விலங்கை நன்றாகக் கவனித்தவர்கள். இருமும் பன்றியின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காதுக்குப் பின்னால் ஊசி இறக்குகிறவனுடைய முகத்துக்கும் அதன் மூக்குக்கும் ஒரு சாண் இருக்குமா? பன்றிக்கு நோய் முற்ற முற்ற அவன் இன்னும் நெருங்கிப் போனான். தனக்கே தலை பாரமாகி உடம்பு அனலாகக் கொதித்தபோதும் போயிருப்பான். அவன் போகாவிட்டால் தீவனம் வைக்க ஆளில்லை.

பயந்துபோன பண்ணைக்காரர்கள் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பேராக்கிலிருந்து நெகிரி செம்பிலானுக்கு லாரிகள் போயின, நோயும் கூடவே போனது. புக்கிட் பெலாண்டோக்கில் அது மிகக் கடுமையாக வெடித்தது. ஒரு கிளை சிங்கப்பூர் வரை நீண்டது. இங்கே அதிகாரிகள் தாமதிக்கவில்லை. பன்றி இறக்குமதி நின்றது, இறைச்சிக்கூடங்கள் மூடப்பட்டன, தொற்று அத்தோடு அடங்கியது. பாராட்ட வேண்டிய வேகம். ஆனால் பிறகு 1,469 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 22 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது தெரிந்தது. அவர்களில் 10 பேருக்கு எந்த அறிகுறியும் இருந்திருக்கவில்லை. மலேசியாவில் பிழைத்தெழுந்தவர்கள் சிலருக்கு மாதங்கள் கழித்து, ஏன், வருடங்கள் கழித்தும் மூளைக்காய்ச்சல் திரும்ப வந்தது.

கால் நூற்றாண்டு ஆகிவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்று கேட்கலாம். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் இருப்பது உறுதியானது. கோழிக்கு வரும் நோய் மாட்டின் மடிக்குள் போய்விட்டது. அடுத்த ஓராண்டுக்குள் அங்கே சுமார் 70 பேருக்கு அந்தக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் மாட்டுப் பண்ணைகளிலும் கோழிப் பண்ணைகளிலும் கூலி வேலை செய்தவர்கள். பால்கறக்கும் கூடத்தில் மாடு மேலே நிற்கும், ஆள் கீழே பள்ளத்தில் நிற்பான், மடி அவன் கண்மட்டத்தில் இருக்கும். தெறிக்கும் பால் நேரே கண்ணில் விழும். அதனால்தான் பலருக்குக் கண் சிவந்தது முக்கிய அறிகுறியாக இருந்தது. மிச்சிகனிலும் கொலராடோவிலும் 115 தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்ததில் 8 பேருக்குத் தொற்று வந்துபோன தடயம் இருந்தது. அந்த எட்டுப் பேரில் பாதிப்பேர் தமக்கு உடம்புக்கு ஏதோ வந்ததாகவே நினைவில்லை என்றார்கள். கண் சிவந்திருந்தால்கூட, அதற்காக ஒருவேளை கறவையை யார் விடுவார்கள்?

நமக்குப் பக்கத்துக்கு வருவோம். கேரளத்தில் 2018இல் நிப்பா 17 உயிர்களைக் கொண்டுபோனது. நோயாளியைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினியும் அதில் ஒருவர். 2019, 2021, 2023, 2024, 2025 என்று அது திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கிறது. அங்கே பன்றி இடையில் இல்லை, பழந்தின்னி வௌவால்தான் மூலம். அனுமதி பெற்ற தடுப்பூசி இன்னும் கிடையாது. கோழிக்கோட்டுக்கும் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையில் இருப்பது சில மணி நேரப் பயணம்.

சிங்கப்பூரில் பண்ணையா என்று சிரிப்பவர்கள் உண்டு. எருமைக் கொட்டகையால் பெயர் பெற்ற கண்டாங் கெர்பாவ் வட்டாரத்தில் இன்று நகைக்கடையும் கைப்பேசிக் கடையும்தான் நிற்கின்றன. பஃப்ளோ ரோட்டில் வாழை இலை வாங்குகிறவருக்கு அங்கே நம்மவர்கள் மாடு கட்டிப் பால் கறந்து வீடு வீடாக ஊற்றியது நினைவுக்கு வர நியாயமில்லை. ஆனால் கொட்டகை ஊரைவிட்டுப் போய்விடவில்லை, ஓரத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. நாம் தின்னும் முட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இங்கேயே உற்பத்தியாகிறது. லிம் சூ காங்கில் ஆட்டுப் பண்ணை இருக்கிறது, மாட்டுப் பண்ணை இருக்கிறது. கோழி உயிரோடு வந்து இங்கே அறுபடுகிறது. 2022 மார்ச்சில் லிம் சூ காங் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்தது. மனிதருக்குத் தொற்றாத நோய் என்பதால் செய்தி சீக்கிரமே மறைந்தது. நமக்கு அதிர்ஷ்டம், அவ்வளவே.

விலங்குக்கு ஒன்றென்றால் இந்த நாட்டில் தெளிவான ஏற்பாடு உண்டு. உரிமம் உண்டு, சோதனை உண்டு, கால்நடை மருத்துவர் வருவார். தொற்றுநோய்களுக்கென்றே 2025 ஏப்ரலில் ஒரு தனி அமைப்பும் வந்துவிட்டது. விலங்கைப் பார்க்கும் ஊழியருக்கும் சட்டம் சும்மா இல்லை. ஆறு மாத வேலைக்குப் பிறகு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் படுத்தால் அதையும் சேர்த்து 60 நாள். வெளிநாட்டு ஊழியருக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலையில் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளிக்கு உயர்ந்தது. நல்ல மாற்றங்கள்.

ஓட்டை எங்கே என்றால், விடுப்பு எடுத்தவனுடைய வேலை என்ன ஆகும் என்ற இடத்தில். கட்டுமானத் தளத்தில் ஒருவர் மருத்துவ விடுப்பு எடுத்தால் சுவர் ஒரு நாள் தாமதமாக எழும்பும். சுவர் கத்தாது. கொட்டகையில் அப்படியில்லை. ஒருவேளை கறக்காவிட்டால் மாட்டுக்கு மடி கல்லாகக் கட்டிக்கொள்ளும், மடிநோய்க்கும் வழியாகும். கோழிக்கூண்டில் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் இந்த ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் கோழிகள் சரியும். இது முதலாளிக்கும் தெரியும், ஊழியருக்கும் தெரியும். முதலாளி ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லத் தேவையே இல்லை. "உடம்பு முடியுமா பாரு தம்பி" என்று கனிவாகக் கேட்டாலே போதும், அவன் பாராசிட்டமால் இரண்டைப் போட்டுக்கொண்டு எழுந்து போவான். வேலை பெர்மிட் போய்விடுமோ என்ற பயம் பாதி, வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கிறதே என்ற மனசு பாதி. மருத்துவரிடம் போனாலும் "காய்ச்சல்" என்பதோடு நின்றுவிடுவான். மூன்று நாள் முன்பு இருபது கோழி செத்ததை அவர் கேட்கமாட்டார், இவன் சொல்லமாட்டான். 1998-99இல் மலேசியாவில் அரை ஆண்டு வீணானதற்கு ஒரு காரணம், நோயாளியின் வேலையும் அவன் பார்த்த விலங்கும் ஒரே தாளில் எழுதப்படாததுதான் என்பது நம் எண்ணம்.

இந்தக் கவலை லிம் சூ காங்கோடு முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலைப் பக்கம் பணம் அனுப்ப வரிசையில் நிற்கும் தம்பிகளைக் கேளுங்கள். புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் திருவாரூரிலும் அவர்கள் வீட்டுக் கொட்டகையில் இரண்டு மாடு நிற்கும், நாலு ஆடு கட்டியிருக்கும். வாங்கியது சிங்கப்பூர்ப் பணம், பார்ப்பது அறுபதைத் தாண்டிய அம்மா. அந்த அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சொல்லும் நாளில், அல்லது அப்பாவுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் என்று ஆகும் நாளில், வீட்டில் முதலில் எழும் கேள்வி மருந்துச் செலவைப் பற்றியது அல்ல. "மாட்ட யாரு பாக்குறது?"

கீமோதெரபி ஏறிய உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். சாணி அள்ளாதீர்கள், கன்று போடும் இடத்துக்குப் போகாதீர்கள் என்பது மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கை. சொல்வது சுலபம். மூன்றாம் நாள் அந்த அம்மா கையுறை இல்லாமல் சாணிக்கூடையோடு நிற்பார், தொலைபேசியில் மகனிடம் "சும்மாதான்டா உக்காந்திருக்கேன்" என்பார். கடைசியில் மாடு விற்கப்படும். அவசரத்துக்கு விற்கும் மாட்டுக்கு என்ன விலை வரும் என்பது சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மாதாமாதம் பால்பணமாக வந்துகொண்டிருந்தது நின்று, வைத்தியச் செலவு முழுவதும் சிங்கப்பூர்ச் சம்பளத்தின் தலையில் விழும்.

தமிழ்நாட்டில் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வாசலுக்கு வருகிறது. ஒரே வாசலுக்கு இரண்டு அரசு வண்டிகள் வருகின்றன. ஒன்று மனுஷியைப் பார்க்கிறது, மற்றொன்று மாட்டைப் பார்க்கிறது. மனுஷி படுத்துவிட்டால் மாட்டின் கயிற்றைப் பிடிக்க மூன்றாவதாக ஒருவர் வர வேண்டுமென்று எந்தத் துறைக்கும் தோன்றவில்லை.

தோன்றிய நாடுகள் உண்டு. ஃபின்லாந்தில் 1970களிலிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது. கால்நடை வளர்ப்பவர் ஆண்டுக்கு 26 நாள் விடுப்பில் போகலாம், அந்த நாள்களில் அரசுச் செலவில் பயிற்சி பெற்ற மாற்றாள் வந்து கறந்து தீவனம் வைப்பார். நோய், விபத்து, பிரசவம் என்றாலும் மாற்றாள் வருவார். அதற்கு ஒரு பங்குக் கட்டணம் உண்டு. ஜப்பானில் பால் பண்ணைகளுக்கு உதவியாளர் அனுப்பும் சங்கங்கள் இயங்குகின்றன. குளிர் நாட்டுக்காரர்களுக்கு மாட்டின் மேல் நம்மைவிடப் பாசம் அதிகமென்று சொல்ல முடியாது. கறவைக்காரர் படுத்தால் பண்ணையே படுத்துவிடும் என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

சிங்கப்பூருக்கு இது பெரிய செலவில்லை. இங்கே உள்ள விலங்குப் பண்ணைகளையும் இறைச்சிக்கூடங்களையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளிநாட்டு ஊழியருக்கான லெவி கட்டவே மூச்சு முட்டுகிறது, சும்மா உட்கார ஓர் ஆளை எங்கே வைப்பது என்று பண்ணை முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு பண்ணையும் தனித்தனியே ஆள் வைக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் பொதுவாகப் பயிற்சி பெற்ற நாலைந்து பேரைத் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு பட்டியலில் வைத்திருந்தால் போதும். மனிதவள அமைச்சு அவர்களைப் பண்ணைக்குப் பண்ணை மாற்றி அனுப்ப இடங்கொடுக்க வேண்டும். ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு அவர்களே கிருமியைச் சுமந்து போகாமல் உடை, காலணி, குளியல் எல்லாவற்றுக்கும் விதி வேண்டும். அது கால்நடை மருத்துவர்களுக்குத் தெரியாத வித்தையில்லை.

மருந்தகங்களில் ஒரு கேள்வியைக் கூட்டினாலும் பாதி வேலை முடியும். வேலை பெர்மிட்டில் உள்ளவர் காய்ச்சலோடு வந்தால், "எந்த விலங்கோடு வேலை செய்கிறீர்கள், அது நலமாக இருக்கிறதா?" என்று அவருடைய மொழியில், தமிழிலும் வங்காளத்திலும் பர்மிய மொழியிலும், கேட்க வேண்டும். பதில் மருத்துவரின் கணினியோடு நின்றுவிடாமல் கால்நடைப் பிரிவுக்கும் போக வேண்டும். சொன்னதற்காக அவர் ஊருக்கு அனுப்பப்படமாட்டார் என்ற உறுதியும் அந்த இடத்திலேயே தரப்பட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பதிலும் "நல்லா இருக்கு" என்றுதான் வரும்.

பண்ணை உரிமத்தைப் புதுப்பிக்கும் படிவத்தை அடுத்த முறை அச்சடிக்கும்போது ஒரு வரி சேர்க்கட்டும்: விலங்குகளைப் பார்ப்பவர் நோயில் விழுந்தால் அன்று மாலைக்குள் வரப்போகும் மாற்றாளின் பெயர், அவர் கடைசியாகப் பயிற்சி பெற்ற தேதி. அந்த வரி காலியாக இருந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்பட்டும்.