ஆவுளியாவா, காவிரி மீனா?

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வரும் அதிராம்பட்டினத்து அம்மாவிடம், "உங்க ஊர்க் கடல்ல ஆவுளியா இருக்காமே, பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "எம் மாமனார் காலத்துல அதைக் கறியாவே தின்னாங்க தாயி. இப்ப மாட்டுனா வலையை அறுத்து விட்டுடுறாங்க. வலை போனா போனதுதான்" என்றார்.

ஆவுளியா என்பது கடல் பசு. 2022 செப்டம்பரில், அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலை அதற்குக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டில் மிச்சம் சுமார் 240 தான் என்று அப்போது சொன்னார்கள். ஒரே ஒரு குட்டியை ஒரு வருஷத்துக்கு மேல் சுமக்கும். அடுத்த குட்டிக்குப் பல வருஷம் ஆகும். அது மேயும் கடற்புல்லில்தான் இறாலும் நண்டும் குஞ்சிலிருந்து வளர்கின்றன. ஆக, ஆவுளியாவுக்குச் செலவழிக்கும் காசு மீன்காரம்மாவின் கூடைக்கும் வந்து சேரும். இதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை.

என் ஆதங்கம் வேறு. திமில் மஹ்சீர் என்று ஒரு பெரிய மீன். காவிரியும் அதில் சேரும் ஆறுகளும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நம் தஞ்சாவூர்ப் பக்கம் வராது. மேலே மோயாற்றில் இருக்கிறது. அணை, மணல் கொள்ளை, வெடி வைத்துப் பிடிப்பது, வெளியிலிருந்து கொண்டு வந்து விட்ட வேறு மஹ்சீர் என்று எல்லாமாகச் சேர்ந்து, 2018ல் சர்வதேசப் பட்டியலில் அழிவின் விளிம்புக்கே தள்ளிவிட்டன.

வரையாட்டுக்கு 2022ல் 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிய அரசு, 2025ல் சிங்கவால் குரங்கு, முள்ளெலி, கழுதைப்புலி, இந்த மீன் நான்குக்கும் சேர்த்து ஒதுக்கியது 1 கோடி. மீனின் பங்கு 17 லட்சம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். மீனுக்கு அழவும் தெரியாது, போட்டோவில் அழகாக நிற்கவும் தெரியாது. ஆவுளியா இங்கே போனாலும் ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்த மீன் போனால் போனதுதான். வேறு வீடு இல்லாததற்குத்தானே முதல் பந்தி போட வேண்டும்?

"ஏம்மா, பணத்தைக் கூட்டிட்டா மீன் பொழைச்சிடுமா? ஆத்துல தண்ணி வேணாமா?" என்கிறான் என் மகன். அதுவும் நியாயம்தான். 2007 காவிரித் தீர்ப்பில், மொத்தம் 740 டி.எம்.சி.,யில் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி., ஒதுக்கியிருக்கிறார்கள். மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று வருஷா வருஷம் விசாரிக்கும் எங்கள் வீட்டில், அந்தப் பத்தைப் பற்றி ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

— ஒரு வாசகி, பட்டுக்கோட்டை.