இலவசம் வேறு, கட்டற்றது வேறு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற ஞாயிறு எங்கள் ஊர் நூலகத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் மாதக் கூட்டம். பணி ஓய்வுக்குப் பிறகு நான் தவறாமல் போகிற இடம். லினக்ஸ் நிறுவித் தருவார்கள், லிப்ரே ஆபீஸ் சொல்லித் தருவார்கள். அன்று ஒரு தம்பி வினாத்தாள் தயாரிக்கும் செயலி ஒன்றைத் திரையில் காட்டினார். நல்ல செயலிதான், பொய் சொல்லக் கூடாது. "இதோட மூலநிரல் கிடைக்குமா தம்பி?" என்று கேட்டேன். "கிடைக்காது டீச்சர். இலவசம்தானே, என்ன பிரச்சினை?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். இந்த வயதில் இவருக்கு மூலநிரல் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

எதற்கு என்று சொல்கிறேன்.

1990களின் இறுதியில் கடன் வாங்கி ஒரு கணினி வாங்கினோம். யூனிகோடு அப்போது எங்களை எட்டவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஒரு தமிழ் எழுத்துரு செய்து விற்றது. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கல். நான் வாங்கிய மென்பொருளில் ஆறு வருடப் பாடக்குறிப்புகள், வினாத்தாள்கள், பிள்ளைகள் வகுப்பில் சொன்ன கதைகள் எல்லாம் அடித்து வைத்திருந்தேன். கணினி பழுதாகிப் புதிது வாங்கினோம். பழைய மென்பொருள் அதில் ஏறவில்லை. விற்ற நிறுவனத்தைத் தேடினால் ஆளே இல்லை. என் கையால் அடித்ததை என்னாலேயே படிக்க முடியவில்லை.

மீட்டுக் கொடுத்தது இதே கூட்டம்தான். யாரோ ஒருவர் மூலநிரலோடு வெளியிட்ட எழுத்துரு மாற்றி ஒன்று இருந்தது. என் எழுத்துரு அதில் இல்லை. பழைய அச்சுப்படிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று இரண்டு இரவு உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். கல்லூரி மாணவி ஒருத்தி அதை நிரலில் சேர்த்தாள். மறுநாள் 'அ' முதல் எல்லாம் வந்துவிட்டது. எனக்கு ஒரு வரி நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் அது திறந்திருந்ததால்தான் என் ஆறு வருடம் திரும்பி வந்தது.

1983இல் க்னூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு, 'ஃப்ரீ' என்று தான் சொல்வது விலையை அல்ல என்று விளக்குவதே ஒரு வேலையாகிவிட்டது. நமக்கு அந்தச் சிரமமே இல்லை. ரேஷனில் கொடுப்பது விலையில்லா அரிசி. அதைக் கட்டற்ற அரிசி என்று யாராவது சொல்வோமா?

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். லினக்ஸ் கெர்னலின் மாற்றங்களைப் பராமரிக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2002இல் பிட்கீப்பர் என்ற மூடிய மென்பொருளை எடுத்துக்கொண்டார். காசு கேட்கவில்லை, போட்டி மென்பொருள் எழுதுகிறவர்கள் தொடக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. சிலர் அப்போதே எதிர்த்தார்கள், எடுபடவில்லை. 2005இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அதனோடு இணையத் தனியாக ஒரு நிரல் எழுத முயன்றதும், இலவச அனுமதியை நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேறு வழியின்றி டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து எழுதியதுதான் கிட். அவரால் எழுத முடிந்தது. வினாத்தாள் செயலியை நாளைக்கு மூடிவிட்டால் நம் பள்ளி ஆசிரியர் என்ன செய்வார்?

நான் ஒன்றும் மடி ஆசாரம் பார்க்கவில்லை. என் போனிலும் வாட்ஸ்அப் இருக்கிறது. இந்தப் பதிவைப் போடுகிற இடமும் மூடியதுதான். அவரவர் வசதிக்கு எதையும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கட்டற்ற மென்பொருள் என்று பலகை வைத்த இடத்தில் காட்டினால், புதிதாக வருகிறவர் அதுவும் அப்படிப்பட்டதுதான் என்று நம்பிவிடுவார். காதிக் கடையில் மில் துணியை அடுக்கிவிட்டு, விலை குறைவுதானே என்று கேட்கலாமா?

ஒருங்கிணைப்பாளர்களிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். கூட்டத்தில் எந்தச் செயலியைக் காட்டினாலும், மூலநிரல் உண்டா, என்ன உரிமம், நாம் போட்டதை வெளியே எடுக்க முடியுமா என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அடுத்த மாதம் பேசலாம் என்றிருக்கிறார்கள். அந்தத் தம்பியும் வருகிறாராம். போகும்போது, "அந்த நோட்டைப் பார்க்கணும் டீச்சர்" என்றார். பரணில்தான் இருக்கிறது, எடுத்து வைக்க வேண்டும்.