அகரவரிசை தெரியாத அட்டவணை

ஊர் நூலகத்தின் நூல் பட்டியல், பள்ளியின் பழைய மாணவர் பட்டியல், கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் விவரம் என்று எதை இணையத்தில் ஏற்றினாலும் அது அட்டவணையாகத்தான் வந்து நிற்கிறது. 2013இல் ரியாக்ட், அடுத்த ஆண்டு வியூ என்று ஃபிரேம்வொர்க்குகள் பொதுவெளிக்கு வந்தபின் அட்டவணை போடுவது எளிதாகிவிட்டது. தரவில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போடு என்று சொன்னால் போதும். தரவு மாறும்போது திரையும் தானே மாறிக்கொள்ளும். முன்பு ஒவ்வொரு கட்டமாகத் தேடிப்பிடித்து மாற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்படிப்பட்ட ஒரு தமிழ் அட்டவணையில் 'பெயர்' என்ற தலைப்பைத் தட்டி வரிசைப்படுத்திப் பாருங்கள். பல இடங்களில் அன்பு, அமுதா, அருண், அறிவு, அழகு என்று வரும். தமிழ் அகராதியைப் புரட்டிப் பழகிய கண்ணுக்கு இது உடனே உறுத்தும். அமுதா, அருண், அழகு, அறிவு, அன்பு என்பதல்லவா நம் வரிசை? பதினெட்டு மெய்களில் கடைசியாக நிற்கும் னகரம் இங்கே மகரத்தையே முந்திக்கொண்டு வருகிறது.

காரணம் இதுதான். ஜாவாஸ்கிரிப்டின் 'சார்ட்' கட்டளைக்கு, வேறொன்றும் சொல்லாவிட்டால், எழுத்து தெரியாது. எழுத்துக்கு யூனிகோடு கொடுத்த எண்தான் தெரியும். 1991இல் வந்த யூனிகோடு, இந்திய மொழிகளை 1988ஆம் ஆண்டின் 'இஸ்கி' ஏற்பாட்டைத் தழுவி அடுக்கியது. இஸ்கி என்பது முக்கிய இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே சட்டகம். அதில் நகரத்தை அடுத்து னகரமும் ரகரத்தை அடுத்து றகரமும் உட்கார்ந்தன. புள்ளி வைத்த எழுத்திலும் இதே சிக்கல்தான். அகராதியில் 'பக்கம்' முன்னே, 'பகல்' பின்னே. எண்ணை மட்டும் பார்க்கும் கணினி 'பகல்' என்பதை முன்னே தள்ளுகிறது. இதற்காக யூனிகோடைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த எண் எழுத்தை அடையாளம் காட்டத்தான். வரிசைப்படுத்துவதற்கென்று தனி விதிகள் இருக்கின்றன. தமிழுக்கும் இருக்கின்றன, பிரவுசருக்குள்ளேயே இருக்கின்றன. 'லோக்கேல்கம்பேர்' என்ற கட்டளையில் மொழி தமிழ் என்று குறிப்பிட்டால் அன்பு தன் இடத்துக்குப் போய்விடும். பட்டியல் பெரிதென்றால் தமிழுக்கான ஒரு 'கொலேட்டர்' செய்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், வேகமும் குறையாது. ஒரே ஒரு வரி வேலை. அந்த ஒரு வரி இல்லாததால், தன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தேடும் வாசகர், பெயரே இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போகிறார். இதைச் சின்னக் குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

எண்களும் தப்பவில்லை. அதே 'சார்ட்' எண்ணையும் எழுத்தாகவே ஒப்பிடுவதால் 100, 25, 9 என்று ஏறுவரிசை போடும். வரிசை ஒருபுறம் இருக்க, தொகைகளை 1,234,567 என்று காட்டாமல் நம் வழக்கப்படி 12,34,567 என்று காட்டவும் பிரவுசரிலேயே வசதி உண்டு.

இதைவிட ஆபத்தான ஒன்று 'கீ'. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம் கொடு என்று ரியாக்ட் கேட்கும், கொடுக்காவிட்டால் எச்சரிக்கும். பலர் வரியின் இட எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். எச்சரிக்கை அடங்கிவிடும், சிக்கல் அடங்காது. வரிக்குள்ளேயே டிக் பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். அமுதாவுக்கு டிக் போட்டுவிட்டு வரிசையை மாற்றினால், டிக் அதே இடத்தில் நின்றுவிடும். அந்த இடத்துக்கு வந்த வேறொருவர் பெயரில் அது விழும். வருகைப் பதிவேட்டிலோ பணம் வழங்கும் பட்டியலிலோ இப்படி நடந்தால் என்ன ஆகும்? உறுப்பினர் எண் போல ஆளோடு ஒட்டியிருக்கும் ஒன்றைத்தான் கீயாகக் கொடுக்கவேண்டும்.

அட்டவணையை 'டேபிள்' குறியால்தான் கட்டவேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. 1996இலேயே அதற்கு முறையான வரையறை எழுதப்பட்டுவிட்டது. இன்று அழகுக்காகவோ கைபேசித் திரைக்காகவோ அதை விட்டுவிட்டு வெறும் 'டிவ்' பெட்டிகளை அடுக்குகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பார்வையற்றவருக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு அப்படியல்ல. தலைப்புக் கட்டங்களோடு அமைந்த டேபிளில் கட்டம் கட்டமாக நகரும்போது 'நிலுவை, 450' என்று தலைப்பையும் சேர்த்துச் சொல்லும். வெறும் பெட்டி அடுக்கில் '450' மட்டும் காதில் விழும். எதன் 450? கேட்பவருக்கு வழியே இல்லை. திரை சிறியதென்றால் டேபிளைப் பக்கவாட்டில் நகரும்படி விட்டால் போதும்.

தமிழ்ப் பட்டியல்களை இணையத்தில் ஏற்றும் நண்பர்களே, வெளியிடும் முன் மேலே சொன்ன ஐந்து பெயர்களை உங்கள் அட்டவணையில் போட்டு ஒருமுறை வரிசைப்படுத்துங்கள். ஒரு ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டும் சரியாக வந்தபிறகு வெளியிடுங்கள்.