நுண்ணோக்கி வந்தாச்சு, ஆள் எங்கே?

டிவிக்கு வாங்கும் ஸ்பைக் கார்டைப் பிரித்தால் உள்ளே பொட்டு மாதிரி ஒரு வில்லை இருக்கும். வேரிஸ்டர். துத்தநாக ஆக்சைடில் கொஞ்சம் பிஸ்மத் ஆக்சைடு கலந்து சுட்டது. என் இயற்பியல் வகுப்பில் இதைத்தான் கையில் கொடுப்பேன். உள்ளிருக்கும் படிக மணிகள் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். தடுப்பது மணிகளுக்கு நடுவிலுள்ள எல்லைகள்தான், ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட். அதை மீறினால் வழிவிட்டுவிடும். அந்த எல்லையில் பிஸ்மத் அணுக்கள் ஒதுங்கி நிற்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டுகிறது. கனமான அணு, பளிச்சென்று தெரியும். அலுமினாவின் எல்லையில் யிட்ரியத்தை 2006இல் டோக்கியோ ஆய்வாளர்கள் இப்படித்தான் பார்த்தார்கள்.

இங்கும் கோடிகளில் நுண்ணோக்கி வாங்குகிறோம், திறப்பு விழாவும் அமர்க்களம். ஆனால் இப்படிப் பார்க்க மாதிரியைச் சில பத்து நானோமீட்டர் தடிமனுக்குச் சீவ வேண்டும்; அது தெரிந்தவரோ ஒப்பந்த ஊழியர்! கருவிக்கு நிதி ஒதுக்கும்போதே அவருடைய நிரந்தரச் சம்பளத்துக்கும் ஒதுக்குங்கள்.