கடைவண்டியும் மெய்ம்மையும்

கனடாவிற் குடியேறிய பழைய மாணவருள், மாதிரிப் புகையிரதம் அமைத்தலைப் பொழுதுபோக்காகக் கொண்ட எம்மைக் கண்டு நண்பர் நகைப்பதுண்டு. பேரன் விளையாடும் பொருளோடு பாட்டனும் விளையாடுவதோ என்பர். அந்நகைப்பை யாம் பொருட்படுத்துவதில்லை. ஆயின் இப்பொழுதுபோக்கில் எழும் வினாவொன்று விளையாட்டன்று. அதனை இவ்விழா மலர் வாயிலாக அன்பர் முன் வைக்க விழைகின்றோம்.

கனடாவின் சரக்குப் புகையிரதங்களின் கடைசியில் முன்னாளிற் கபூஸ் என்னும் பணியாளர் வண்டி சென்றது. கூரைமேல் எழுந்த கண்ணாடிக் கூண்டில் அமர்ந்து, முன்னே செல்லும் வண்டிகளின் அச்சுத் தாங்கிகள் சூடேறிப் புகைகின்றனவா, உறுப்பேதும் நிலத்தில் இழுபடுகின்றதா எனப் பணியாளர் நோக்கினர். கீழே அடுப்பும் எழுதுமேசையும் இருந்தன. 1980களின் பிற்பகுதி தொட்டு இவ்வண்டி மறையலாயிற்று. பிறேக்குக் குழாயின் காற்றழுத்தத்தை வானொலி வழியாக எஞ்சினுக்கு அறிவிக்கும் சிறு கருவி அதன் இடத்தைப் பெற்றது.

இதன் மாதிரியை நாடுவோர்க்கு, கனேடிய வண்டியை அளந்து செய்தனவும் கடைகளில் உள. எனினும் எல்லா வகைக்கும் எல்லாக் காலத்துக்கும் உரியன கிடைப்பதில்லை. ஐக்கிய அமெரிக்க வண்டியின் உருவத்தின்மீது கனேடிய நிறுவனத்தின் நிறம் பூசி விற்பதும் வழக்கமே. இவ்விடத்திலே நிறத்தைக் கண்டு மயங்குதல் தகாது என்பது எமது துணிபு.

1:87 என்னும் அளவில் ஓரடி 3.5 மில்லிமீற்றராகும். உடல் நீளத்தில் இரண்டடி பிழைப்பின் மாதிரியில் 7 மில்லிமீற்றர் பிழைக்கும். பழகிய கண்ணுக்கு அது தப்பாது. ஆதலின், கூண்டு நடுவில் உள்ளதா ஒருபுறம் ஒதுங்கியதா, சாளரங்கள் எத்தனை, சுவர் மரமா உருக்கா என்பவற்றையே முதலில் ஒப்புநோக்கல் வேண்டும். நிறத்தை ஓரிரவில் மாற்றலாம். கூண்டை இடம் மாற்றுதல் எளிதன்று. அடுத்து நோக்கற்பாலது காலம். கனேடிய தேசியப் புகையிரத நிறுவனம் அலன் பிளெமிங் வரைந்த இலச்சினையை ஏற்றது 1960இல். 1950களின் காட்சியில் அவ்விலச்சினையோடு வண்டி ஓடுதல் பொருந்துமோ?

மூன்றடி தூரத்தில் நின்று பார்ப்பவர்க்கு இவை தோன்றா என்பார் உளர். தம் வீட்டு மகிழ்ச்சிக்கு ஓடும் வண்டியாயின் அவர் கூற்றை யாம் மறுக்கோம். ஆயின், "இதுவே அந்நாள் வண்டி" என்று பிள்ளைகளுக்குக் காட்டும்போது அம்மாதிரி பாடநூலாகின்றது. பனிக்காலத்து இரவுகளில் அக்கூண்டிலே விழித்திருந்தவர் மெய்யான மாந்தர். அவர் அமர்ந்த இடத்தை நாம் நினைத்தவாறு மாற்றுதல் முறையன்று.

முழுதும் ஒத்தது கிடையாதாயின் உருவில் நெருங்கியதைக் கொள்க. மொன்றியலுக்கு அண்மையில், செயின்ற் கொன்ஸ்ரன்றிலுள்ள கனேடிய புகையிரத அரும்பொருட்சாலை போன்ற இடங்களில் மெய் வண்டியைக் கண்டு, திருத்தக்கூடியதைத் திருத்துக. எஞ்சிய வேறுபாட்டை ஒரு சிறு அட்டையில் எழுதி மாதிரியின் அருகே வைக்க. குறையுடைமை இழுக்கன்று; குறையை நிறத்தால் மறைத்தலே இழுக்கு. கல்லூரியிற் பயிலும் இளைஞரும் தாம் வரையும் படத்திலும் எழுதும் வரலாற்றிலும் இவ்வொழுக்கத்தைக் கைக்கொள்வாராக.